இருபது கிலோ நானூறு

விழுப்புரம்
4.11.2024

அன்புத் தம்பி சவுரிநாதனுக்கு,

உடம்பைப் பற்றிப் பிறகு கேட்கிறேன். முதலில் செய்தி. இன்று காலை பதினொன்றரை மணிக்கு இனியவனின் ஜாமீன் மனு தள்ளுபடி ஆனது. உத்தரவு நகலை நீதிமன்ற எழுத்தர் காட்டினார். ஏழாவது பத்தியில் காரணம் இருக்கிறது. கைப்பற்றப்பட்ட கஞ்சா 20 கிலோ 400 கிராம், எனவே வணிக அளவு.

அந்த எடையைப் போட்டவன் நீ என்பதால்தான் உனக்கு எழுதுகிறேன். அக்டோபர் 16, புதன்கிழமை, திண்டிவனம் புறவழிச்சாலையில் போலீசார் இனியவன் ஓட்டிவந்த லோடு ஆட்டோவை மடக்கினார்கள். எடை போட கோதண்டபாணி மண்டியிலிருந்து உன்னையும் மின்தராசையும் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். பறிமுதல் மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

சட்டம் இப்படிச் சொல்கிறது. கஞ்சா ஒரு கிலோ வரை சிறு அளவு. அதற்கு மேல் இருபது கிலோ வரை இருந்தால் பத்து வருடம் வரை தண்டனை கிடைக்கலாம், குறைந்தபட்சம் இத்தனை என்று கிடையாது. இருபதைத் தாண்டினால் பத்து வருடத்துக்குக் குறையாது, இருபது வருடம் வரை போகலாம். ஜாமீனும் எளிதில் வராது. இவன் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். யாரோ ஏற்றிவிட்ட மூட்டை, உள்ளே என்னவென்று தெரியாது என்கிறான் இனியவன். வண்டியில் இருந்தது உறுதியானால், தெரிந்துதான் வைத்திருந்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை அவன்தான் நிரூபிக்க வேண்டும். வயது இருபத்துநாலு.

ஆகவே அவனுக்கும் பத்து வருடத்துக்கும் நடுவில் இருப்பது நானூறு கிராம். மூன்று கேள்விகள். தராசு அரசு முத்திரை போட்டதா? எந்தத் தரையில் வைத்தாய்? எடை சாக்கோடா, சாக்கு இல்லாமலா?

மல்லாட்டையை உடைத்துக் கடலை பிரிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடம் நின்ற உன் காதுக்குப் போன் உதவாது. எழுதியே அனுப்பு. இரவு மருந்தை விடாதே. ரோஜாவுக்கு என் அன்பு.

உன் அக்கா,
இருதயமேரி

*

மரியே வாழ்க
திண்டிவனம்
13.11.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நானும் ரோஜாவும் சுகம். உன் மூட்டுவலி எப்படி? நீதிமன்றப் படிக்கட்டை ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறுகிறாய்?

தராசுக்கு முத்திரை இருக்கிறது, மார்ச் வரை செல்லும். தரை சரியில்லை என்று சாலையோரக் கல்மேடையில் பலகை போட்டு, அதன் மேல் வைத்தேன். மட்டம் பார்த்தேன். பூஜ்யம் வந்த பிறகுதான் மூட்டையை ஏற்றச் சொன்னேன். நேரம் மதியம் மூன்று பத்து. நல்ல மழை. தராசுக்கு மட்டும் ஒரு போலீஸ்காரர் குடை பிடித்தார். எஸ்.ஐ. "யோவ், ஜல்தி போடுயா, மழ பேஜாரு பண்ணுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வேறு விசேஷம் இல்லை.

மண்டியில் ஒரு வேடிக்கை. நேற்று செவ்வாய், மல்லாட்டை வரத்து அதிகம். மூன்று மணிவாக்கில் ஒரு பெண் சின்ன மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து தராசில் வைத்தாள். வெயில் அடித்தது, அவளோ மழைக்குப் போடுவதுபோல இன்னொரு சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தாள். முகம் தெரியவில்லை. எடை 20.400. குரல் கொடுத்தேன். விற்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

உனக்கு வேடிக்கையாக இருக்கும் என்று எழுதினேன்.

தம்பி,
சவுரி

*

விழுப்புரம்
20.11.2024

அன்புத் தம்பிக்கு,

மூட்டுவலி அப்படியே இருக்கிறது. படிக்கட்டு முப்பத்தாறு.

மூன்று கேட்டேன். இரண்டுக்குப் பதில் எழுதியிருக்கிறாய், அதுவும் கேட்டதைவிட விரிவாக. மூன்றாவதை மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். சாக்கோடா, சாக்கு இல்லாமலா?

முப்பத்தொரு வருடமாக நிருபர் வேலை பார்க்கிறேன். போலீஸ் குறிப்பில் இருந்த "20.400 கிலோ" என்பதை அன்றைக்கு நானும் அப்படியே செய்தியாகக் கொடுத்தேன். எனக்கும் அன்று அந்தக் கேள்வி தோன்றவில்லை. நேற்று இனியவனின் வழக்கறிஞர் கலைப்பிரியா என்னிடம் கேட்டபோதுதான் உறைத்தது. மண்டியில் சாக்கு எடையை யார் கழிப்பார்கள்? நீயா, கணக்கரா? வழக்கம் என்ன என்று எழுது.

அந்தப் பெண் யார் என்று விசாரித்தாயா?

அக்கா

*

மரியே வாழ்க
திண்டிவனம்
24.12.2024

அன்புள்ள அக்கா,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். வெள்ளத்தில் உன் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்று ரோஜா போனில் கேட்டுச் சொன்னாள். இங்கே மண்டிக்குள் முழங்கால் அளவு நின்றது. தாமதத்துக்கு அதுதான் காரணம்.

வழக்கம் கேட்டாய். மூட்டையை அப்படியே தராசில் வைப்போம். எண்ணைப் பார்த்து நான் குரல் கொடுப்பேன். கணக்கர் துரைக்கண்ணு சாக்குக் கழிவைத் தள்ளி எழுதுவார். கழிப்பது என் வேலை இல்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் நான் கழித்தது கிடையாது. நான் கத்துவது எப்போதும் முழு எடைதான்.

அந்தப் பெண் ஒவ்வொரு செவ்வாயும் வருகிறாள். டிசம்பர் மூன்றாம் தேதி வெள்ளத்திலும் வந்தாள். மண்டி பூட்டியிருந்தது. தராசைத் தூக்கி மேசை மேல் வைக்க நான் மட்டும் போயிருந்தேன். தண்ணீரில் நடந்து வந்தாள். சேலைக் கரை நனையவில்லை. மூட்டை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் 20.400.

இன்னொன்று அக்கா. ரோஜா காதருகில் வந்து கத்தினால்தான் எனக்குப் பாதி கேட்கும். அந்தப் பெண் பேசுவது முழுசாகக் கேட்கிறது. ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறாள். பெரிய கேள்வி ஒன்றுமில்லை.

பூசைக்கு மணி ஆகிறது.

தம்பி,
சவுரி

*

விழுப்புரம்
9.1.2025

அன்புத் தம்பிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நீ அனுப்பிய கேக் உடையாமல் வந்தது.

புதிதாக உறுதியானது இது. டிசம்பர் 19 அன்று மாஜிஸ்திரேட் முன்னிலையில் சரக்கை மறுபடி எடை போட்டு மாதிரி எடுத்திருக்கிறார்கள். சான்றிதழைக் கலைப்பிரியா காட்டினார். சாக்கைத் தனியாகக் கட்டி முத்திரை வைத்துவிட்டு, சரக்கை மட்டும் போட்டதில் 18 கிலோ 900. ஒன்றரைக் கிலோ எங்கே போனது என்று அவர் கேட்டதற்கு, பச்சைச் சரக்கு காய்ந்து குறைந்துவிட்டது என்று அரசுத் தரப்பு பதில் சொல்லியிருக்கிறது. முதல் எடைதான் செல்லும் என்கிறார்கள்.

ஆகவே அன்று சாக்கு தராசில் இருந்ததா என்று தெரிந்தவர்கள் போலீசாரும் இனியவனும் நீயும்தான். போலீசார் சொல்லமாட்டார்கள். இனியவன் சொன்னால் நம்பமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமைக்காரி அவன் அம்மாவாக இருக்கலாம் என்று நினைத்தேன். கண்டமங்கலம் பக்கம் போய்ப் பார்த்தேன். பெயர் சின்னபொண்ணு. செங்கல் சூளையில் விழுந்து, செப்டம்பரிலிருந்து கட்டுப் போட்ட காலோடு படுத்திருக்கிறாள். "திண்டிவனமா? நான் எங்கம்மா போறது? கொல்லைக்கே ஆள் புடிச்சிக்கினு போறேன்" என்றாள். சொந்த நிலம் கிடையாது. மல்லாட்டை அவளுக்கு ஏது?

அவள் இல்லை. யார் என்று எனக்குத் தெரியவில்லை. என்ன கேட்கிறாள் என்றாவது எழுது.

அக்கா

*

மரியே வாழ்க
திண்டிவனம்
30.1.2025

அன்புள்ள அக்கா,

எனக்கு உடம்பு முடியவில்லை. இரண்டு செவ்வாய் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். இரண்டு நாளும் மதியம் மூன்று பத்துக்கு அடுப்படிப் பக்கத்திலிருந்து அதே கேள்வி கேட்டது. ரோஜா அங்கேதான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

வீட்டில் கேட்பதற்கு மண்டியே தேவலை. செவ்வாயிலிருந்து வேலைக்குப் போகிறேன்.

வழக்கு விஷயமாக என்னிடம் எதுவும் கேட்காதே. எஸ்.ஐ. மண்டிக்கு வந்து முதலாளியிடம் பேசிவிட்டுப் போனார்.

சவுரி

*

விழுப்புரம்
11.3.2025

அன்புத் தம்பிக்கு,

பிப்ரவரியில் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. ரோஜா போனில் அழுதாள். "அவுரு சோறு துண்ணும்போதுகூட எண்ணு சொல்லிக்கினே கீறாரு அண்ணி" என்றாள்.

உன்னிடம் கேட்காமல் ஒரு வேலை செய்தேன். துரைக்கண்ணுவிடம் பேசினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"எந்தப் பொம்பளையும் வர்றதில்லீங்க எக்கா. செவ்வாக்கெழம மூணு மணிக்கு எல்லாரும் டீ குடிக்கப் போவோம். இவுரு மட்டும் தராசாண்ட நிப்பாரு. தட்டுல ஒண்ணும் இருக்காது. திடீர்னு 'இருவது நானூறு'ன்னு மண்டியே அதுர்ற மாரி ஒரு கத்து. அப்பால காதக் குடுத்துக் கேக்கற மாரி குனிவாரு. என் நோட்டப் புடுங்கி அவுரே எழுதுவாரு. பேரு எடத்துல ஒண்ணும் எழுத மாட்டாரு. மொதல்ல சிரிச்சிக்கினு இருந்தோம். இப்ப யாரும் சிரிக்கிறதில்லீங்க."

இன்னும் ஒன்று. வணிக அளவு வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய நூற்றெண்பது நாள் அவகாசம். அது ஏப்ரல் நடுவில் முடிகிறது. அதற்குள் தாக்கல் செய்துவிடுவார்கள் என்கிறார் கலைப்பிரியா. சாட்சிப் பட்டியலில் நீ இரண்டாவது.

நான் கோபமாக இல்லை. எழுது.

அக்கா

*

மரியே வாழ்க
திண்டிவனம்
16.4.2025, பெரிய புதன்

அன்புள்ள அக்கா,

பாஸ்காவுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் சொன்னால் அது அவரோடு போய்விடும். உன்னிடம் சொன்னால் தேதி போட்டு எடுத்து வைப்பாய். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அன்றைக்கு எடை சாக்கோடுதான்.

மூட்டையை வைத்தார்கள். 20.400 வந்தது. மண்டியில் கத்துவதுபோல, "இருபது நானூறு" என்று கத்தினேன். கை பழக்கம், வாய் பழக்கம். யாராவது கழித்து எழுதுவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே துரைக்கண்ணு இல்லை. ஒரு போலீஸ்காரர் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தார். அது வரைக்கும் தவறுதான் அக்கா. அதற்குப் பிறகு நடந்தது தவறு இல்லை.

அந்தப் பையனை ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். மண்டிகளுக்கு லோடு ஓட்டுகிறவன், அவனுக்கு வழக்கம் தெரியும். என்னைப் பார்த்துச் சொன்னான். "அண்ணே, சாக்கு நனஞ்சி கீதுங்க. சாக்கு கழிச்சி எவ்ளோங்க?" மழைச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்கும் கேட்கவில்லை. ஆனால் வாயைப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது.

நான் காதைத் தொட்டுக் காட்டினேன். கேட்கவில்லை என்று தலையாட்டினேன். அவன் மறுபடி கேட்டான். மறுபடி தலையாட்டினேன். எஸ்.ஐ. பேனாவை நீட்டினார். போட்டுவிட்டேன்.

இருபது கிலோ என்பது இவ்வளவு பெரிய கோடு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. உன் முதல் கடிதத்தில்தான் தெரிந்தது. ஆனால் கூடுதலாக எழுதுகிறார்கள் என்று தெரியும். ஜீப்பில் சீக்கிரம் திரும்ப வேண்டும், நனைந்துவிட்டேன், போலீஸ் விவகாரம் நமக்கு எதற்கு என்று இருந்தேன். அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் கேள்வியும் அதுதான். அதே சொற்கள். "சாக்கு கழிச்சி எவ்ளோங்க?" துரைக்கண்ணு உன்னிடம் சொன்னது எனக்குத் தெரியும். தட்டில் ஒன்றும் இல்லை என்கிறார். எனக்கு மூட்டை தெரிகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாதே. சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் எழுது.

சவுரி

*

விழுப்புரம்
22.5.2025

அன்புத் தம்பிக்கு,

இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, உனக்குச் சொல்லாமல் மண்டிக்கு வந்தேன். துரைக்கண்ணுவின் மேசைக்குப் பின்னால் நின்றேன். உன் முதுகு என் பக்கம். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

மூன்று பத்துக்கு நீ குரல் கொடுத்தாய். தட்டில் எதுவும் இல்லை. சிவப்பு எண்கள் 0.000. நீ குனிந்து கேட்டாய். யாருக்கோ தலையாட்டினாய். காதைத் தொட்டுக் காட்டினாய். பிறகு நோட்டில் எழுதிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனாய்.

நோட்டைப் புரட்டினேன். நவம்பரிலிருந்து இருபத்தாறு செவ்வாய், இருபத்தாறு முறை 20.400. கழிவு என்ற கட்டம் இருபத்தாறிலும் காலி.

அதன் பிறகு தராசுக்கருகில் போனேன். அக்னி நட்சத்திர வெயில், தகரக் கூரை, மண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்திய இடம் இல்லை. தட்டின் மேல் சாக்குப் பின்னல் அப்படியே பதிந்த ஈரத்தடம் இருந்தது. ஒரு முழ நீளம், முக்கால் முழ அகலம். விரலால் தொட்டேன். ஈரம்தான். துரைக்கண்ணுவும் தொட்டார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

இதை நான் செய்தியாக எழுத முடியாது. இதற்கு மூலம் என்று யாரைச் சொல்வேன்? உன்னைப் பார்க்காமலே பஸ் ஏறினேன். மன்னித்துக்கொள்.

சட்டம் கேட்டாய். குற்றப்பத்திரிகை ஏப்ரல் 7 அன்றே தாக்கலாகிவிட்டது. நீ அரசுத் தரப்பு சாட்சி. கூண்டில் ஏறி, எடை சாக்கோடு போட்டது என்று சொன்னால், நீ பிறழ் சாட்சி ஆகிவிட்டாய் என்று அறிவித்து அரசு வழக்கறிஞரே உன்னைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பிறகு ஏன் கையெழுத்துப் போட்டாய் என்பார். காது கேட்காதவன் பேச்சு என்பார். தெரிந்தே தவறான எடைக்குக் கையெழுத்து வைத்ததற்காக உன் மேல் நடவடிக்கை வரலாம். வராது என்று நான் சொல்லமாட்டேன். போலீசுக்கு வேண்டாதவனைக் கோதண்டபாணி வேலையில் வைத்துக்கொள்வாரா என்பதும் தெரியாது. கூண்டில் பொய் சொன்னால் அது தனிக் குற்றம், ஆனால் பொய் என்று கண்டுபிடிக்க யாரும் இல்லை.

எடை இருபதுக்குக் கீழ் என்றாலும் இனியவன் விடுதலை ஆகிவிடமாட்டான். மூட்டை அவனுக்குத் தெரிந்து இருந்ததா என்பது தனி வழக்காடல். ஆனால் ஜாமீன் கேட்க வழி திறக்கும். பத்து வருடத்துக்குக் குறையாது என்ற நிபந்தனை விலகும்.

என் பங்குக்கு, அக்டோபர் 17 அன்று நான் கொடுத்த செய்திக்குத் திருத்தம் எழுதி வைத்திருக்கிறேன். உன் வாக்குமூலம் நீதிமன்றத்தில் பதிவானால்தான் அதை அனுப்ப முடியும்.

என்ன செய்ய வேண்டும் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மருந்து சாப்பிடு.

அக்கா

*

மரியே வாழ்க
திண்டிவனம்
12.6.2025

அன்புள்ள அக்கா,

சுகம். அன்று நீ நின்றது தெரியும். உன் மூட்டுவலித் தைல வாசம் நீ போன பிறகும் இருந்தது.

சம்மன் நேற்று வந்தது. ஜூலை 21. காவலர் நீட்டிய இடத்தில் உடனே கையெழுத்துப் போடவில்லை. கண்ணாடி போட்டு முழுக்கப் படித்துவிட்டுப் போட்டேன். "இன்னா பெருசு, பரீட்சைக்கா படிக்கிறே?" என்று அவர் வாய் அசைந்தது.

மண்டியில் ஒரு சாக்கை மழையளவு நனைத்து, சொட்டு நின்றதும் எடை போட்டேன். 1.150. துரைக்கண்ணுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கழித்துப் பார்த்தால் பத்தொன்பது இருநூற்றைம்பது.

முந்தாநாள் செவ்வாய், அவள் கேட்டபோது காதைத் தொடவில்லை. "பத்தொம்போது இருநூத்தம்பது" என்று சொன்னேன். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். அவள் தலையிலிருந்த சாக்கை முதல் தடவையாக எடுத்து மூட்டை மேல் போட்டாள். அப்போதும் முகம் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூண்டில் என் வாய் என்ன சொல்லும் என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது. அன்றைக்கும் என் வாயை நான் நம்பித்தான் போனேன்.

ரோஜா காதுக் கருவிக்கு அளவு கொடுக்க அழைத்துப் போகிறாள்.

தம்பி,
சவுரி

*

விழுப்புரம்
3.7.2025

அன்புத் தம்பிக்கு,

கருவி பொருந்திவிட்டது என்று ரோஜா சொன்னாள். சந்தோஷம். எனக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது.

ஜூலை 1 அன்று நீதிமன்றத்தில் நடந்ததை எழுதுகிறேன். சொன்னவர்கள் கலைப்பிரியாவும் சான்றுப் பொருள் அறை எழுத்தரும். இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஒரே பதில்தான் வந்தது.

காலிச் சாக்கை நீதிமன்றத்தில் எடை போட வேண்டும் என்று கலைப்பிரியா மனுப் போட்டிருந்தார். சரிபார்க்கச் சாக்குக் கட்டை வெளியே எடுத்தார்கள். டிசம்பரில் வைத்த அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது. கட்டின் மேல்தாள் ஊறியிருந்தது. இரு தரப்பும் பார்க்க முத்திரையை உடைத்தார்கள். உள்ளே சாக்கு நனைந்திருந்தது. பிழிந்தால் சொட்டும் அளவுக்கு என்றார் எழுத்தர். அந்த அறையில் ஒழுகல் இல்லை. பக்கத்திலிருந்த கட்டுகள் எல்லாம் காய்ந்து தூசியாக இருந்தன. புதுத் தாளில் சுற்றி மறுபடி முத்திரை வைத்தார்கள். மறுநாள் காலை அந்தத் தாளும் ஈரமாக இருந்ததாக எழுத்தர் சொன்னார். அதை அவர் பதிவேட்டில் எழுதவில்லை. எழுதச் சொல்லி நானும் கேட்கவில்லை.

நீதிபதி மனுவை ஏற்றுக்கொண்டார். சாக்கை எடை போடுவது ஜூலை 21, திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு. மகஜரில் உள்ள எடையாளரே போட வேண்டும் என்பது உத்தரவு. அதாவது நீ. அது முடிந்ததும் உன் சாட்சியம். இனியவனின் அடுத்த ஜாமீன் மனுவை அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்திருக்கிறார்கள். என் திருத்தச் செய்தியும் அது வரைக்கும் மேசையில் இருக்கும்.

சின்னபொண்ணு இப்போது கோல் ஊன்றி நடக்கிறாள். அன்றைக்கு வருவாள். இனியவனையும் சிறையிலிருந்து கொண்டுவருவார்கள். கூண்டில் நிற்கும்போது அவன் உனக்கு நேர் எதிரே இருப்பான். எட்டு அடி தூரம், வாய் அசைவு நன்றாகத் தெரியும்.

எட்டு மணி பஸ்ஸைப் பிடி. சாப்பிட்டுவிட்டு வா. கருவியைப் போட்டுக்கொண்டு வா, புது பேட்டரியோடு. அன்று உன்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்.

உன் அக்கா,
இருதயமேரி